மாத்திரையில முளைச்ச முடி

சிரிக்கணும்னா தாராளமாச் சிரிச்சுக்குங்க. இந்தத் தொப்பியைப் பாத்துச் சிரிக்காத ஆளு இன்னும் பொறக்கலை. பழனியில பஞ்சாமிர்தம் வாங்கறப்பக் கடைக்காரரு மொதல்ல தொப்பியைப் பாத்தாரு, அப்புறந்தான் என்னையப் பாத்தாரு. ஊதாக் கலரு ஜாக்கெட் துணிங்க. விளிம்பு விறைப்பா நிக்கணும்னு உள்ள கேன்வாஸ் வெச்சுத் தைச்சது. எங்கூட்டுக்காரி ஜாக்கெட் தைக்கறவ. அவ கையில என்ன துணி கெடைச்சாலும் அது ஜாக்கெட்டாத்தான் வந்து முடியும். பின்னாடி கொக்கி கூட வெச்சிருக்கா பாருங்க. தொப்பிக்கு யாராச்சும் கொக்கி வெப்பாங்களா?

பஸ்ஸுக்குள்ள எதுக்குங்க தொப்பி, கழட்டி மடியில வெச்சுக்கலாமேன்னு கேட்டீங்க. நல்ல கேள்விதான். அடியில மொட்டைன்னுதானே நெனைக்கறீங்க? நெனைக்க வேண்டியதுதான். பழனியிலிருந்து வர்ற பஸ்ஸு, பாதி சீட்டு சந்தன மொட்டை. ஆனா அதைக் கடைசியாச் சொல்றேன். தாராபுரம் வர்றதுக்குள்ள முடிச்சிருவேன். அந்த ஜன்னலைச் சித்தே சாத்துங்க. எனக்கு வெயிலு ஆவாது.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. தாராபுரத்துல மைக் செட்டு, சீரியல் செட்டு வாடகைக்கு உடறேன். கல்யாணம், காதுகுத்து, கோயல் நோம்பி, எல்லாத்துக்கும் நம்ம லைட்டுதான். ஆனா ஊருக்குள்ள நாச்சிமுத்துன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாதுங்க. குண்டு பல்புன்னு கேட்டாச் சின்னப் புள்ளை கூட வழி சொல்லும். தொழிலால வந்த பேரு இல்லீங்க, தலையால வந்த பேரு. கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு மேல சுத்தமாக் காலி. கல்யாண போட்டோ எடுக்கறப்ப ப்ளாஷ் என்ற தலையில பட்டு எதுத்தடிக்குதுன்னு, போட்டோக்காரன் என்னைய நகத்தி நகத்தி நிக்கவெச்சு, கடைசியில பாதி ஆளுதான் போட்டோவுல வந்தேன். இவ மட்டும் முழுசா நிக்கறா. இடுப்புக்குக் கீழ வரைக்கும் சடை, அதுல பூரா பூவு. பக்கத்துல நான், அரை பல்பு.

அப்புறம் கிட்னி போச்சுங்க. டயாலிசிஸ் பண்ணுனாங்க, துளசிமணி, அதான் எங்கூட்டுக்காரி, அவ கிட்னி ஒண்ணு குடுத்தா, கோயமுத்தூருல ஒரு ஆஸ்பத்திரியில வெச்சாங்க, சரியாப் போச்சு. அதை உடுங்க. கதை அது இல்லீங்க. கதை முடி.

ஆபரேசனுக்கு மொத நாளு நானும் அவளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல கெடக்கறோம். அவ ஒரு மஞ்சத் துணியில காசு முடிஞ்சு தலகாணிக்கு அடியில வெச்சா. தொணைக்கு இருந்தது என்ற கூடப்பொறந்த ராமாத்தாக்கா, அவளுக்குக் கண்ணு கழுகுக் கண்ணுங்க. "என்ன நேந்திருக்கற துளசி?"ன்னு கேட்டா. "பழனிக்கு முடி குடுக்கறதா நேந்திருக்கறனுங்க நங்கையா"ன்னு இவ சொன்னா. அக்கா என்ற தலையைப் பாத்தா. பக்கத்துக் கட்டில்காரரு பாத்தாரு. ஊசி போட வந்த நர்ஸு பாத்துச்சு. அவ்வளவுதானுங்க, வார்டே சிரிச்சுச்சு. "இந்தத் தலையில முருகன் என்னத்தடி எடுப்பான்?"னு அக்கா வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கேக்கறா. நாளைக்கு அறுக்கப் போற மனுசன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இவ சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. சொல்லிப்போட்டு வெக்கப்படறான்னு நெனைச்சேன்.

ஆபரேசன் முடிஞ்சு மாத்திரை குடுத்தாங்க பாருங்க, சோத்துக்குப் பதிலா மாத்திரையவே திங்கலாம் போல, அவ்வளவு. வெளியாளு கிட்னியை நம்ம ஒடம்பு ஏத்துக்காதாம், சண்டை கட்டுமாம். அந்தச் சண்டையை அடக்கறதுக்கு மாத்திரை. அதுல ஒண்ணு பெரிய கேப்ஸ்யூல். பேரு சைக்ளோஸ்போரின். நான் சைக்கிள் மாத்திரைன்னுதான் சொல்லுவேன். தகடைப் பிரிச்சா ஒரு நாத்தம் வருங்க, ஈரச் சாக்கும் பழைய சாராயமும் ஒண்ணாக் கெடந்த மாதிரி. வீடு பூரா அடிக்கும்.

மொதல்ல மூஞ்சி உப்புச்சு. கன்னம் ரெண்டும் பணியாரம். அப்புறம் பரு. அம்பது தாண்டுனவனுக்குப் பருங்க! காலேஜுப் பையன் மாதிரி கண்ணாடி முன்னாடி நின்னு கிள்ளிக்கிட்டு இருந்தேன். இவ கையைத் தட்டி உடுவா, "புண்ணாச்சுன்னா ஆறாதுங்க, டாக்டரு சொன்னது மறந்துபோச்சா?"ன்னு. அப்புறம் முடி. மொதல்ல காதுல முளைச்சுது. சரி, காதுதானேன்னு உட்டேன். அப்புறம் தோளு, முதுகு, மூக்கு நுனி. புருவம் ரெண்டும் ஒண்ணாச் சேந்துருச்சு. நெத்தியில முடி, கன்னத்துல கண்ணுக்குக் கீழ வரைக்கும் முடி. சலூன்காரன் எங்க இருந்து ஆரம்பிக்கறது, எங்க முடிக்கறதுன்னு தெரியாமக் கத்திரியை வெச்சுக்கிட்டு நிக்கறான். ஈறு வேற வீங்கி, பல்லுப் பாதியைக் காணோம்.

எனக்கு அழுகைங்க. வேணுங்கற எடத்தை உட்டுப்போட்டு ஒடம்பு பூரா நட்டு வெச்சிருக்கறானே இந்த முருகன்னு.

அப்புறம் ஒருநா கடையில பல்பு மாட்டிக்கிட்டு இருக்கறேன். ஏணி மேல நிக்கறேன். கீழ இருந்த நம்ம ஆளு ஆறுச்சாமி மேல பாத்துட்டு, "அண்ணா, தலையில என்னமோ நூலாம்படை ஒட்டியிருக்குது"ன்னான். தட்டி உட்டேன். போவலை. இழுத்துப் பாத்தேன். வலிச்சுதுங்க!

வலிச்சுது! நீங்க முடி இருக்கறவரு, உங்களுக்குப் புரியாது. ஏணியை உட்டு எறங்கி, கண்ணாடிக்கு ஓடிப்போயிப் பாத்தா, மெல்லிசாக் கறுப்பா, பொறந்த கொழந்தைக்கு இருக்கற மாதிரி, தலை பூரா. நான் அன்னைக்கே போயிச் சீப்பு வாங்குனேன். என்ற வாழ்க்கையில மொதச் சீப்பு. கடைக்காரன் வீட்டுக்காரம்மாவுக்கான்னு கேட்டான். எனக்குத்தாண்டான்னேன்.

அதுக்கப்புறம் நான் ஆளே வேறீங்க. வண்டிக் கண்ணாடி ரெண்டும் ரோட்டைப் பாக்காது, என்னையத்தான் பாக்கும். மைக் டெஸ்டிங் பண்றப்ப ஒரு கையில மைக்கு, ஒரு கையில சீப்பு. ஒரு கல்யாணத்துல பொண்ணுக்குத் தாய்மாமன் வந்து, "பல்பை எங்கப்பா காணோம்?"னு என்கிட்டயே கேட்டாருங்க! ஈறு வீங்கிப் பல்லு தெரியலையா, போவுது, சிரிக்காம இருந்துக்கிட்டாப் போச்சு. தலையை வாரறதுக்குப் பல்லு எதுக்கு?

ஆனா ஊட்டுல ரெண்டு பொம்பளைகளும் உடலைங்க. ராமாத்தாக்கா வாரா வாரம் வந்துருவா. "பாத்தியாடா, கேட்டு வாங்கறதுக்குத்தான் முருகன் முளைக்க வெச்சிருக்கறான். போயிக் குடுத்துப்போட்டு வா." நானு, கூட்டத்துக்குப் போனாத் தொத்துநோய் வந்துருமாம் அக்கா, டாக்டரு வேண்டாம்னாங்கன்னுருவேன். துளசிமணி சத்தமாக் கேக்க மாட்டா. தையல் மிஷினை மிதிச்சுக்கிட்டே, "ஏனுங்க, கூட்டமில்லாத நாளாப் பாத்துப் பழனிக்கு ஒருநா போயிட்டு வந்துரலாமுங்களா? ரெண்டு பேருமா?"ன்னுவா. வெயிலு ஆவாதும்பேன். மறுக்காவும் கேப்பா. இவளுக்கு என்ற முடி மேல என்ன வயித்தெரிச்சல் பாருங்க! அவளுக்கு மட்டும் அத்தனை நீளம் இருக்கலாம், பாத்ரூம் ஓட்டையில அடைச்சுக்கலாம், நான் எடுத்துப் போடலாம். எனக்கு ரெண்டு விரக்கடை முளைச்சா உடனே அதை அறுத்தாவணும்.

இந்தத் தொப்பி வந்த கதை கேளுங்க. செக்கப்புக்குப் போனப்ப, கையில மரு மருவா வந்திருக்குதுன்னு தோல் டாக்டரம்மாகிட்ட அனுப்புனாங்க. அந்தம்மா மருவைப் பாத்துட்டு உடல, காதுக்கு மேல ஒரு சொரசொரப்பு இருந்துச்சு, அதைக் கண்ணாடி வெச்சுப் பாத்தாங்க. எனக்குப் பெருமைதான். நல்லாப் பாருங்கம்மா, எல்லாம் சொந்த முடின்னேன். அவங்க முடியைப் பாக்கலை. அந்தச் சொரசொரப்பை வெட்டி டெஸ்டுக்கு அனுப்புனாங்க. நல்லவேளை, இன்னும் கெட்டதா மாறலைன்னு வந்துச்சு. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கேன்சர்ல கொண்டு போய் விட்டிருக்கும். இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு வெயிலு எதிரி. கிரீம் போடுங்க, தொப்பி இல்லாம வாசப்படி தாண்டாதீங்க"ன்னாங்க. ஊட்டுக்கு வந்ததும் இவ மிஷின்ல உக்காந்து இதைத் தைச்சுப்போட்டா. நான் என்ன பண்ணுனேன்? ஸ்பீக்கர் பொட்டிக்குள்ள போட்டு மூடி வெச்சேன். பொறந்ததுல இருந்து மொட்டையா வெயில்ல நின்னப்ப ஒருத்தனும் தொப்பி குடுக்கலை. முடி வந்ததும் மூடச் சொல்றாங்க. நாயமாங்க இது?

அதோட உட்டாங்களா? அடுத்த செக்கப்புல கிட்னி டாக்டரு ரத்த டெஸ்டைப் பாத்துட்டு மூஞ்சியைச் சுருக்குனாரு. கிரியாட்டினின் ஏறுதாம். சைக்கிள் மாத்திரை கிட்னியை வாட்டுதாம். "இதை நிறுத்திட்டு வேற மாத்திரைக்கு மாத்திருவோம். முகத்துல, முதுகுல இருக்கற முடியெல்லாம் கொட்டிரும், ஈறும் சரியாயிரும்"னு சந்தோசமாச் சொல்றாரு. நான் மெதுவாக் கேட்டேன், தலையில டாக்டருன்னு. "அதுவும் கொஞ்சம் போகலாம்"னாரு. கொஞ்சம்! எனக்கு இருக்கறதே கொஞ்சந்தானுங்களே!

நான் புது மாத்திரையை வாங்கி இவ கண்ணுக்குத் தெரியற மாதிரி அலமாரியில வெச்சேன். பழைய கேப்ஸ்யூல் கையிருப்பு இருந்துச்சு, அதைக் கடையில ஆம்ப்ளிபயருக்குப் பின்னாடி வெச்சுத் தின்னுக்கிட்டு இருந்தேன். கிட்னி கெடக்குது, அது உள்ள இருக்கறது, யாரு பாக்கறா? முடி வெளிய இருக்கறதுங்களே!

ஒருநா இவ மத்தியானச் சோத்தைக் கடைக்குக் கொண்டாந்தா. வாசல்லயே நின்னுட்டா. மூக்கை உறிஞ்சறா. அந்த நாத்தத்தை எங்க வெச்சு மறைக்கறது? நேரா ஆம்ப்ளிபயர்கிட்டப் போயி, தகடை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டா. கத்துவான்னு பாத்தேன். கத்தலை. தூக்குப்போசியை மேசையில வெச்சுட்டு, வயித்துல அவளுக்குத் தையல் போட்ட எடம் இருக்குதுங்களே, அதைச் சேலைக்கு மேலயே புடிச்சுக்கிட்டுச் சொன்னா: "வேண்டாம்னாச் சொல்லிப்போடுங்க. என்றதைத் திருப்பிக் குடுத்துருங்க. நான் பத்திரமா வெச்சிருந்தேன்."

பாத்துக்குங்க! குடுத்ததைத் திருப்பிக் கேக்கறா! ஊருல எங்கயாச்சும் இப்படி உண்டுங்களா? எனக்குக் கோவமான கோவம். ஆனா ஏனோ தெரியலை, அன்னைக்குச் சோறு எறங்கலை. அன்னைக்கே புது மாத்திரையைப் போட்டேன். அவ எதுத்தால நின்னு, நான் முழுங்கறதைத் தொண்டையைப் பாத்து உறுதி பண்ணிக்கிட்டா.

கிரியாட்டினின் எறங்குச்சு. டாக்டரு கை குடுத்தாரு. முதுகு சுத்தமாச்சு, மூக்கு சுத்தமாச்சு, புருவம் ரெண்டாச்சு. பல்லெல்லாம் திரும்பி வந்துச்சு. எல்லாரும் சந்தோசம். தலகாணியில முடி, துண்டுல முடி, ரசத்துல முடி. ரசத்துல முடி கெடந்தா ஊருல பொம்பளையத்தானே திட்டுவாங்க? எங்கூட்டுல அதை எடுத்துப் பாத்து நான் அழுவேன்.

ராமாத்தாக்காவுக்கு இது போதாதா? "வேண்டுதலைத் தீக்காம ஏமாத்துனீல்ல, முருகன் அவனே வந்து எடுத்துக்கறான். இன்னும் நாளைக் கடத்துனீன்னா உள்ள இருக்கறதையும் கேப்பான்"னா. எனக்கு வெசனம் புடிச்சுக்கிச்சுங்க. பூமுடி குடுத்தாப் பத்தாதாக்கா, மூணு கத்திரி வெச்சு உட்ருவாங்களேன்னு பேரம் பேசிப் பாத்தேன். நேந்தது மொட்டை, மொட்டைதான் அடிக்கோணும்னுட்டா. சரி, கொட்டித் தீர்றதுக்குள்ளயாச்சும் குடுத்தா முருகன் கணக்குல சேரும்னு, நானே இவகிட்டப் போயி, கெளம்பு, பழனிக்குப் போலாம்னேன். அவ மூஞ்சியைப் பாக்கோணும்! மிஷின்ல பாதி தைச்ச ஜாக்கெட்டை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுட்டா.

அதானுங்க, இன்னைக்குக் காத்தால.

முடி எடுக்கற மண்டபத்துல சீட்டு வாங்கி, கீழ சம்மணம் போட்டு உக்காந்தேன். சீப்பை எடுத்துக் கடைசியா ஒருக்கா வாரிக்கிட்டேன். முடி எடுக்கறவரு பாத்துட்டு, "ஏனுங்க, எடுக்கப் போற தலையை எதுக்கு வாரறீங்க?"ன்னாரு. உமக்கென்னய்யா தெரியும்னேன். அவரு தண்ணியைத் தொட்டுத் தலையில வெச்சாரு. எனக்குக் கண்ணுல தண்ணி. கண்ணை மூடிக்கிட்டேன்.

"ஏனுங்க, எந்திரிங்க"ன்னா இவ.

என்னன்னு பாத்தா, பக்கத்துல நின்னு சடையை அவுத்துக்கிட்டு இருக்கறா. "டாக்டரு உங்களுக்குப் புண்ணாச்சுன்னா ஆறாதுன்னாங்கல்ல, தலையில கத்தி படலாமுங்களா? எந்திரிச்சு அந்த நெழல்ல போயி நில்லுங்க. இது என்ற வேண்டுதல்."

எனக்கு ஒண்ணும் புரியலைங்க. நேந்தது என்ற முடியைத்தானேடின்னேன். அவ என்னையப் பாத்துச் சிரிச்சா. "தலையில ஒண்ணுமில்லாதவருக்கு முடி நேர எனக்கென்னங்க கிறுக்கா?"

அப்புறம் ஏன் இத்தனை நாளா நீ மட்டுமாச்சும் வந்து குடுக்கலைன்னு கேட்டேன். ரெண்டு பேருமா வர்றோம்னு வேண்டியிருந்தாளாம். அதான் தனியா வரலையாம். வார்டே சிரிச்சுதே, இத்தனை நாளு நான் பயந்து செத்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லன்னேன்.

"நீங்க ஒருத்தராச்சும் என்கிட்டக் கேட்டீங்களா?"ன்னுட்டு முடி எடுக்கறவரு முன்னாடி உக்காந்துட்டா.

என்னால தாங்க முடியலைங்க. ஏற்கெனவே ஒரு கிட்னி குடுத்தவ. குனிஞ்சு, கையைப் புடிச்சு, போதும் துளசி, நீ குடுத்தது போதாதாம்மான்னு கேட்டேன். "அது உங்களுக்குக் குடுத்தது. முருகனுக்கு என்ன குடுத்தேன்?"னா.

முடி கத்தையாக் கீழ உழுந்துச்சுங்க. சத்தம் கேட்டுச்சு. முடி உழுந்தாச் சத்தம் கேக்கும்னு எனக்குத் தெரியாது. என்ற முடி உழுவறப்ப அப்படிக் கேட்டதேயில்லை. அவ்வளவு முடியைத் தெனமும் வாரிக் கட்டிக்கிட்டு என்ற பக்கத்துல உக்காந்து சாப்புட்டிருக்கறா, நான் ரெண்டு விரக்கடையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கறேன்.

வெளிய வந்தா உச்சி வெயிலு. புது மொட்டை, பாலு மாதிரி வெள்ளைத் தோலு, சந்தனம் ஒரு பக்கம் காயுது. எனக்கு மனசு கேக்கலை. பையைத் தொறந்து பாத்தா இந்தத் தொப்பி. ஸ்பீக்கர் பொட்டியில இருந்ததை எப்ப எடுத்துப் பையில போட்டாளோ! எடுத்து அவ தலையில வெச்சு உட்டேன். அவ கழட்டி என்ற தலையில வெச்சு, பின்னாடி வந்து கொக்கியை மாட்டி உட்டா. "எனக்கு வெயிலு ஒண்ணும் பண்ணாது. உங்களுக்குத்தான். என்ற பொருளு உள்ள இருக்குது, பாத்துப் போட்டு வாங்க"ன்னா.

அதானுங்க தொப்பி. அடியில மொட்டை இல்லீங்க, முடிதான். மீதி இருக்கறது. கழட்டிக் காட்டட்டுங்களா? போன மாசமா இருந்தா நீங்க கேக்காமயே காட்டியிருப்பேன். இப்ப வேண்டாமுங்க. டிரைவரு கண்ணாடியில அவ பாத்துக்கிட்டே இருக்கறா. அங்க, முன்னாடி லேடீஸ் சீட்டுல, ஜன்னலோரம், பச்சைச் சேலை, சந்தன மொட்டை. அதாங்க துளசிமணி. நான் தொப்பியைத் தொட்டாலே திரும்பிப் பாக்கறா பாருங்க.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. பையைச் சித்தே எடுத்துக் குடுங்க. ஊருல எறங்குனதும் ஒருத்தன் உடாம அவளைத்தான் பாப்பான். பாக்கட்டுமுங்க.

எனக்கென்னமோ அவளுக்கு மொட்டை நல்லாத்தான் இருக்குதுங்க. வெயிலு படறப்பப் பாருங்களேன், குண்டு பல்பு எரியற மாதிரி. நான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க, அடிப்பா.